வரி தனியா, சேர்த்தா?

ஆங்கிலத்தில் ஒரு சின்ன 'ஆஃப்' (of) விட்டுப்போனதற்கு, நான் வேலை பார்க்கும் கடை கொடுத்த விலை 452 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 83 காசு. காசு வரை நினைவிருக்கிறது என்றால், அந்தக் கணக்கைப் போட்டவளே நான்தான்.

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம், ஒரு பாத்திரக் கடை. வாசலில் எவர்சில்வர் தூக்குகள் சரம் சரமாகத் தொங்கும். உள்ளே போனால் இடுப்பளவு அண்டாவில் தொடங்கி பாலாடைக் கிண்ணம் வரை இருக்கும். 2013இல் அங்கே கணக்கு எழுதப் போனேன். பில் போடுவது, கொட்டேஷன் அடிப்பது, சரக்கு அனுப்பும் டி.ஓ. சீட்டுக் கிழித்துக் கொடுப்பது, சாயங்காலம் கல்லாவை எண்ணுவது எல்லாம் என் பொறுப்பு. முதலாளிக்குத் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் என்றால் மட்டும் "நீயே பாத்துக்கம்மா". நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளி. எனக்குத் தெரிந்த கடை ஆங்கிலமெல்லாம் பழைய ஃபைலைப் பார்த்து எழுதியதுதான்.

2015 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிஎஸ்டி என்ற பொருள் சேவை வரி வந்தது. 6 விழுக்காடு. ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் நடக்கும் கடை கஸ்தத்தில் (சுங்கத்துறையில்) பதிந்தாக வேண்டியிருந்தது. எங்கள் கடையும் பதிந்தது. அதுவரை எங்கள் கொட்டேஷனில் வரி என்ற பேச்சே கிடையாது. விற்பனை வரி என்று ஒன்று முன்பும் இருந்தது. ஆனால் அது தயாரிப்பவரோடும் இறக்குமதி செய்பவரோடும் முடிந்துவிடும். கடைக்கு வரும்போது சத்தமில்லாமல் விலைக்குள் உட்கார்ந்திருக்கும். ஜிஎஸ்டி அப்படி இல்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் பில்லில் தலையைக் காட்டும். அதனால் திடீரென்று, வரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதவேண்டிய கட்டாயம் எனக்கு வந்தது.

எங்களுக்குச் சரக்கு போடும் ஒருவரின் இன்வாய்ஸில் 'எக்ஸ்க்ளூசிவ் ஆஃப் ஜிஎஸ்டி', அதாவது விலையில் ஜிஎஸ்டி சேரவில்லை என்று இருந்ததைப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. நானும் எங்கள் தாளின் அடியில் போட்டுக்கொண்டேன், 'ஆல் பிரைசஸ் ஆர் எக்ஸ்க்ளூசிவ் 6% ஜிஎஸ்டி' என்று. நடுவில் இருந்த அந்த 'ஆஃப்' எனக்கு ஏதோ அலங்காரமாகத் தெரிந்தது.

2016 தைப்பூசம் ஜனவரி 24. அதற்கு ஒரு மாதம் முன்பு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போடும் ஒரு குழு வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பையன்கள். பொருளாளர் மட்டும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லாரும் அவரை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். அண்டா நாலு, குண்டான் ஆறு, ஜல்லிக்கரண்டி, மோர் கலக்க டிரம், கேஸ் அடுப்பு, டம்ளர் இருநூறு. பேரம் பேசி 8,000 வெள்ளியில் வந்து நின்றது. கொட்டேஷன் கொடுத்தேன். ஜனவரி முதல் வாரம் வாத்தியார் பணத்தோடு வந்தார். நான் நீட்டிய இன்வாய்ஸில் 8,480.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொட்டேஷனை விரித்தார்.

"ஏம்மா, எக்ஸ்க்ளூசிவ்னா ஸ்பெஷல்னுதானே அர்த்தம்? ஜிஎஸ்டியோட சேத்து ஸ்பெஷல் விலை போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். எட்டாயிரம்னு சொல்லித்தான் வசூல் பண்ணிட்டு வந்திருக்கேன்."

எக்ஸ்க்ளூசிவ் ஆஃபர், எக்ஸ்க்ளூசிவ் கலெக்‌ஷன் என்று புடவைக் கடை பேனர் முழுக்க அந்தச் சொல்தான். அவர் சொன்ன அர்த்தத்தில்தான் ஊரே அதைப் புழங்குகிறது. அதோடு இன்னொன்றும் சொன்னார்: "உங்க கடையில தூக்குல ஒட்டியிருக்கிற விலையட்டை எல்லாம் வரியோடதான இருக்கு? தாள்ல மட்டும் ஏன் வேற மாதிரி?" அவர் சொன்னது சரி. ஜிஎஸ்டி இருந்த காலத்தில் கடையில் வைக்கும் விலையட்டையில் வரி சேர்ந்த விலைதான் இருக்கவேண்டும் என்பது விதி. அட்டையில் சேர்த்துப் போட்டுவிட்டு, தாளில் தனியாகப் போட்டால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "சாமிக்குத் தண்ணி ஊத்துறவங்ககிட்ட போயி 480 வெள்ளிக்கு மல்லுக்கு நிக்கச் சொல்றியா? எட்டாயிரத்துக்கே பில்லை மாத்து."

மாற்றினேன். அங்கேதான் இரண்டாவது பாடம். நஷ்டம் 480 என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 8,000 வெள்ளி என்பது வரியும் சேர்ந்த தொகை என்று ஆகிவிட்டால், அதற்குள் பொருள் 100 பங்கு, வரி 6 பங்கு, ஆக 106 பங்கு இருக்கிறது. 8,000ஐ 106ஆல் வகுத்து 6ஆல் பெருக்க வேண்டும். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறம் போட்டுப் பார்த்தேன். வரி 452.83, பொருளின் விலை 7,547.17. கஸ்தத்துக்குக் கட்டவேண்டியது 480 இல்லை, 452.83தான். சேர்ந்த தொகையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது நேராக 6 விழுக்காடு கழிப்பது, அந்த மூன்று வருடத்தில் நான் பார்த்த கடைகளில் பாதிப் பேர் செய்த தப்பு.

சரி, அடுத்த கொட்டேஷனிலாவது ஒழுங்காக எழுதுவோம் என்று ரோஷம் வந்தது. யோசித்து யோசித்து மாற்றினேன்: 'பிரைசஸ் ஆர் எக்ஸ்க்ளூடட் ஃப்ரம் டாக்ஸ்'. இந்தத் தடவை சிரித்தது வாடிக்கையாளர் இல்லை. லெபோ பந்தாயில் ஒரு ஃபார்வர்டிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. இந்தியாவிலிருந்து எங்கள் கன்டெய்னர் பட்டர்வொர்த்தில் இறங்கினால் கஸ்தம் பேப்பரெல்லாம் அவர்தான் பார்ப்பார். தாளைப் பார்த்ததும், "உங்க பாத்திரத்துக்கு அரசாங்கம் வரியே வேணாம்னு சொல்லிடுச்சா? கொடுத்து வச்சவங்கதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. வரியிலிருந்து விலக்கப்பட்டது என்றால் வரியே கிடையாது என்று அர்த்தம் வரும். வரி இனிமேல்தான் சேரும் என்று வராது. நான் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர்.

அன்று அவர் சொன்னதுதான் இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. "பெரிய சொல்லை விடு. அதுக்கு வால் மாதிரி ஒண்ணு தொங்குது பாரு, அதைப் பிடி." எக்ஸ்க்ளூசிவுக்கு வால் 'ஆஃப்'. எக்ஸெம்ப்டுக்கு 'ஃப்ரம்'. சப்ஜெக்டுக்கு 'டு'. டாக்ஸ் என்ற சொல்லே பெயர்ச்சொல்லாக வந்தால் பொருளுக்கு முன்னால் 'ஆன்': டாக்ஸ் ஆன் குட்ஸ், டியூட்டி ஆன் குட்ஸ். பொருள் மீது வரி என்று தமிழில் சொல்கிறோமே, அந்த 'மீது'தான் இந்த 'ஆன்'. எவ்வளவு வரி என்று தொகையைச் சொல்லும்போது மறுபடி 'ஆஃப்': எ டாக்ஸ் ஆஃப் 480 ரிங்கிட். எந்த விகிதம் என்றால் 'அட்': டாக்ஸ்ட் அட் 6 பெர்சன்ட். 'ஃபார்' எங்கே வரும் என்று கேட்டேன். "எந்த மாசத்துக்கு, எந்த வருஷத்துக்குன்னு சொல்லும்போது வரும். பொருளுக்கு முன்னாடி அதைப் போடாதே."

அப்புறம் அவர் சொன்னது இன்னும் முக்கியம். 'எக்ஸ்க்ளூசிவ் ஆஃப் டாக்ஸ்' இலக்கணப்படி சுத்தமானதுதான், ஆனால் படிக்கிறவர் தடுமாறினால் அதில் என்ன பெருமை? 'பிரைசஸ் டூ நாட் இன்க்ளூட் டாக்ஸ்' என்று எழுதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். மலாயில் 'தீடாக் தெர்மாசுக் சுகாய்', வரி சேரவில்லை என்று எழுதும்போது ஒருத்தருக்கும் சந்தேகம் வருவதில்லையே. தமிழில் இன்னும் சுலபம். வரி நீங்கலாக, வரி உட்பட. அதுவும் புத்தகப் பேச்சாகப் பட்டால், எங்கள் தெரு நகைக்கடைகளில் காலகாலமாகச் சொல்வது இருக்கவே இருக்கிறது: செய்கூலி தனி, சேதாரம் தனி. அந்த மாதிரி வரி தனி. இரண்டே சொல். இதற்கு ஈடாக ஆங்கிலத்தில் எழுதத்தான் நான் அத்தனை பாடு பட்டிருக்கிறேன்.

'சப்ஜெக்ட் டு ஜிஎஸ்டி' என்ற வரியைத்தான் இன்றைக்கும் நான் கிட்டே சேர்ப்பதில்லை. இதற்கு வரி உண்டு என்று மட்டும்தான் அது சொல்கிறது. போட்ட விலையில் சேர்ந்துவிட்டதா, இனிமேல் சேருமா என்று சொல்வதில்லை. தப்பான ஆங்கிலம் இல்லை. சண்டைக்கு வழி விடுகிற ஆங்கிலம்.

எக்ஸெம்ப்ட், ஜீரோ ரேட்டட் இரண்டும் ஒன்று என்றும் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றுதான், பில்லில் வரி இருக்காது. விற்பவருக்குத்தான் வித்தியாசம். பக்கத்து மளிகைக் கடையில் அரிசி, சீனி, உப்பு, சமையல் எண்ணெய் எல்லாம் ஜிஎஸ்டி காலத்தில் ஜீரோ ரேட்டட். அதாவது வரி உண்டு, விகிதம் சுழியம். அதனால் கடைக்காரர் தன் செலவில் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கலாம். எக்ஸெம்ப்ட் என்றால் வரி வளையத்துக்கு வெளியே. குடியிருக்கும் வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம் மாதிரி. விற்பவர் கட்டியதை அவரே சுமக்க வேண்டியதுதான். 'டாக்ஸ் ஃப்ரீ' என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி எழுதினால், படிவம் நிரப்பும் நாளில் மூட்டை அவிழ்ந்துவிடும்.

ஆங்கிலம் எனக்கு மட்டும்தான் தகராறு என்று நினைக்க வேண்டாம். அதே 2016 கடைசியில் என் தம்பி கல்யாண வரவேற்பு, ஒரு ஹோட்டலில். தலைக்கு அறுபது ப்ளஸ் ப்ளஸ் என்றார்கள். அப்பாவின் காதில் அறுபது மட்டும் விழுந்தது. முந்நூறு பேர், 18,000 என்று மனக்கணக்கு. முதல் ப்ளஸ், சேவைக் கட்டணம் 10 விழுக்காடு: 66. இரண்டாவது ப்ளஸ், அந்த 66 மேல் ஜிஎஸ்டி 6 விழுக்காடு: 3.96. ஆகத் தலைக்கு 69.96. மொத்தம் 20,988. அந்த இரண்டு கூட்டல் குறிக்கும் 2,988 வெள்ளி. ஹோட்டல்காரர்மேல் தப்பில்லை, தாளில் தெளிவாகவே இருந்தது. அதற்குப் பிறகு அப்பா யார் விலை சொன்னாலும், "நெட்டா?", அதாவது எல்லாம் சேர்ந்த விலையா என்று ஒரே கேள்விதான் கேட்பார். கறிவேப்பிலைக்காரரிடம் கூடக் கேட்டிருக்கிறார். எக்ஸ்க்ளூசிவ், இன்க்ளூசிவ் எல்லாவற்றையும்விட இந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு மரியாதை அதிகம்.

2018 ஜூன் 1ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதம் 6லிருந்து சுழியமானது. செப்டம்பர் 1ஆம் தேதி எஸ்எஸ்டி என்ற பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. நடுவில் மூன்று மாதம். வரிக்கு லீவு விட்டுட்டாங்க என்று சனம் ஃபிரிட்ஜும் டிவியும் வாங்கியது. கடைக்கு லீவு இல்லை. சுழியம் என்று போட்டாலும் ஜிஎஸ்டி பில் பில்தான், கணக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

எஸ்எஸ்டி வந்ததும் நான் செய்தது, எல்லாரும் செய்ததுதான். பழைய தாளைத் திறந்து 'ஜி'யை எடுத்துவிட்டு 'எஸ்' போட்டேன். 'பிரைசஸ் ஆர் எக்ஸ்க்ளூசிவ் ஆஃப் 6% எஸ்எஸ்டி'. 'ஆஃப்' இருக்கிறது பாருங்கள், வால் சரியாக இருக்கிறது என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. ஓர் உணவகத்துக்கு அனுப்பினேன். அவர்களுடைய கணக்காளர் போன் பண்ணினார். "உங்க எஸ்எஸ்டி நம்பர் சொல்லுங்க."

நம்பர் எங்கே இருக்கிறது? எங்கள் கடை தயாரிக்கிற கடை இல்லை, வாங்கி விற்கிற கடை. எஸ்எஸ்டி என்பது ஒரு வரியே இல்லை, இரண்டு வரியை ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். பொருள் மீது வருவது விற்பனை வரி, பொதுவாக 5 அல்லது 10 விழுக்காடு, தயாரிக்கும் இடத்திலோ துறைமுகத்திலோ ஒரே தடவை. சேவை மீது வருவது சேவை வரி, அப்போது 6 விழுக்காடு. பாத்திரத்தின் மேல் சேவை வரி விகிதத்தைப் போட்டு, வாங்க உரிமையே இல்லாத கடையின் பெயரில் கேட்டிருக்கிறேன். பதிவு பெறாதவர் வரி என்ற பெயரில் பணம் வாங்கக்கூடாது. இந்தத் தடவை ஆங்கிலம் சரி, விஷயம் தப்பு. நல்ல வேளை, கொட்டேஷனோடு நின்றது. பில்லாகப் போயிருந்தால் வம்பு.

அன்றிலிருந்து விகிதத்தைத் தாளின் அடியில் நிரந்தரமாக அச்சடித்து வைப்பதை விட்டேன். 2024 மார்ச் 1ஆம் தேதி சேவை வரி பலவற்றுக்கு 8 ஆனது, சாப்பாட்டுக்கு 6லேயே நின்றது. 2025 ஜூலை 1ஆம் தேதி விற்பனை வரியும் சேவை வரியும் இன்னும் பல பொருளுக்கும் சேவைக்கும் விரிந்தன. அச்சடித்து வைத்திருந்தால் எத்தனை தடவை அடித்துத் திருத்துவது?

கன்டெய்னர் விஷயத்தில் டியூட்டி (சுங்கத் தீர்வை) வேறு, டாக்ஸ் வேறு என்பதையும் அக்காதான் புரியவைத்தார். சரக்கின் விலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த தொகை மேல் இறக்குமதி டியூட்டி. அந்த டியூட்டியையும் கூட்டிய தொகை மேல் விற்பனை வரி. சும்மா சொல்லிப் பார்க்க: 1,000 வெள்ளிச் சரக்கு, இரண்டும் 10 விழுக்காடு என்று வைத்தால் டியூட்டி 100, வரி 110. 'டியூட்டி ஃப்ரீ' என்றால் எல்லாமே ஃப்ரீ என்று நினைத்து விலை போட்டால் கையைச் சுடும். பினாங்குக்காரர்களுக்கு இந்த மயக்கம் கொஞ்சம் அதிகம். 1786இல் பிரிட்டிஷ்காரர் பிரான்சிஸ் லைட் காலத்திலிருந்து இது வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. அந்தத் தகுதி 1969இல் போய்விட்டது. இருந்தாலும் பழைய ஆட்கள் சிலர் கடைக்கு வந்து, "பினாங்கு ஃப்ரீ போர்ட்தானே, என்ன வரி?" என்பார்கள். தாத்தா, அது லங்காவித் தீவுக்குப் போய் ரொம்ப வருஷமாச்சு என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பக்கத்து மளிகைக் கடையில் நடக்கும் கூத்து வேறு. இந்தியாவிலிருந்து வரும் ஊதுபத்திப் பாக்கெட்டில் 'எம்ஆர்பி இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்ஸஸ்' என்று ரூபாயில் அச்சாகியிருக்கும். ஒரு அம்மா அதைக் காட்டி, எல்லா வரியும் சேத்துன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் இந்த விலை என்று கேட்டார். அந்த 'ஆல்' இந்திய வரிகளை மட்டும்தான் சொல்கிறது. கப்பல் ஏறி வந்ததும், இங்கே கட்டியதும் அதில் இல்லை. எந்த ஊர் 'எல்லாம்' என்று பாக்கெட் சொல்வதில்லை.

இப்போது எங்கள் கொட்டேஷனில் எக்ஸ்க்ளூசிவும் இல்லை, இன்க்ளூசிவும் இல்லை. பொருள், எண்ணிக்கை, விலை, கடைசியில் 'டோட்டல் பேயபிள்', கட்டவேண்டிய மொத்தம் என்று ஒரு தொகை. அதன் கீழே 'நோ ஃபர்தர் டாக்ஸ் வில் பி ஆடட்'. தமிழ்க்காரர் என்றால் பக்கத்தில் பேனாவால் 'வரி தனியாகக் கிடையாது' என்றும் எழுதிக் கொடுத்துவிடுவேன். தொகை கண்ணுக்கு எதிரே இருந்தால் யாரும் அகராதியைத் தேடுவதில்லை.

2025 தைப்பூசத்துக்கு முன் வாத்தியார் மறுபடி வந்தார். அண்டா ஒன்று ஓட்டையாம், புதிது வேண்டும். கொட்டேஷனைக் கையில் வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எங்கம்மா அந்த எக்ஸ்க்ளூசிவ்? இந்தத் தடவை ஸ்பெஷல் விலை கிடையாதா?"